கழுத்துக்கும் முட்டிக்கும் சம்பளம்: ரக்பி பிழைப்பின் கணக்கு

ரக்பியில் சம்பளம் வாங்கி ஆடுபவனுக்குக் கையில் இருப்பது ஏறக்குறைய பத்து வருஷம். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதில் முதல் முழு ஒப்பந்தம். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்றில் முட்டியோ கழுத்தோ "போதும்" என்று சொல்லிவிடும். விங்கில், அதாவது மைதான ஓரத்தில், ஓடுகிறவனுக்கு அது இன்னும் சீக்கிரம் வரும். ஸ்க்ரம்மில், அதாவது இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் கோத்து நின்று ஒருவரையொருவர் தள்ளும் கட்டத்தில், முன்வரிசையில் நிற்பவனுக்கு இரண்டு மூன்று வருஷம் கூடக் கிடைக்கும். இந்தப் பத்து பதினைந்தாக நீள்வதையும் ஐந்தில் முறிவதையும் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. திறமை தென்னாப்பிரிக்காவில் மலிந்து கிடக்கிறது. எந்த இடத்தில் ஆடுகிறான், வருஷத்துக்கு எத்தனை ஆட்டம் ஆடுகிறான், எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டான் என்பவைதான் தீர்மானிக்கின்றன.

டர்பன் தமிழ் வீடுகளில் ரக்பி பெரும்பாலும் டிவியில் பார்க்கிற ஆட்டம், இல்லையென்றால் கிங்ஸ் பார்க் மைதானத்துக்கு வெளியே பிராய் (கறி சுடும் அடுப்பு) போட்டுக்கொண்டு கொண்டாடுகிற ஆட்டம். நம் தாத்தாக்கள் ஆடியது கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் கால்பந்து, அல்லது கிரிக்கெட். நிறவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த சட்டம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் என்ற இந்தியர் குடியிருப்புகளை உருவாக்கியபோது அங்கே ரக்பிக் கம்பம் நட்ட மைதானத்தை யாரும் நினைக்கவில்லை. நிறவாரியாகப் பிரிந்து கிடந்த ரக்பி அமைப்புகள் ஒன்றானதே 1992இல்தான். இப்போது நிலைமை வேறு. டர்பன் ஹை, க்ளென்வுட், வெஸ்ட்வில், மாரிட்ஸ்பர்க் காலேஜ் போன்ற பள்ளிகளில் நம் பையன்களும் பதின்மூன்று வயதிலிருந்து ரக்பிச் சட்டை போடுகிறார்கள். பயிற்சியாளர் வீட்டுக்குப் போன் செய்து "பையன் நன்றாக வருகிறான்" என்று சொன்னதும் அம்மா அடிபடுமா என்று கேட்கிறார், அப்பா இதில் காசு உண்டா என்று கேட்கிறார். இரண்டும் சரியான கேள்விகள். பதில்தான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை.

ரக்பி யூனியன் சம்பள ஆட்டமானது 1995 ஆகஸ்டில். தென்னாப்பிரிக்க தேசிய அணியான ஸ்பிரிங்பாக் தன் முதல் உலகக் கோப்பையை வென்று இரண்டு மாதம் ஆகியிருந்த நேரம். அதற்கு முன் ஆட்டக்காரர்கள் வங்கியிலோ போலீஸிலோ பண்ணையிலோ வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள். ஆக, இது தொடங்கி முப்பது வருஷமே ஆன தொழில். முழுநேரம் மோதிப் பிழைத்த முதல் தலைமுறை இப்போதுதான் ஐம்பதைத் தொடுகிறது. அந்த மோதல் உடம்பை என்ன செய்யும் என்பதை மருத்துவர்களே இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளிப் பருவத்தில் எல்லோரும் பேசுவது கிரேவன் வீக். 1964இல் தொடங்கியது, பதினெட்டு வயதுக்குட்பட்ட மாகாண அணிகளுக்கானது, ஜூலை விடுமுறையையொட்டி நடக்கும். பதினாறுக்குட்பட்டவர்களுக்கு கிராண்ட் கோமோ வீக். பதின்மூன்றுக்குட்பட்டவர்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் பெற்றோர் பொருட்படுத்தத் தேவையே இல்லை என்பேன். அந்த வயதில் ஜெயிப்பது சீக்கிரம் வயதுக்கு வந்த உடம்பு. பதினான்கில் 85 கிலோ இருக்கும் பையன் எதிரே நிற்பவர்களை இடித்துத் தள்ளிவிட்டு ஓடுவான், டேக்கிள் செய்யும், அதாவது பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்தும், முறையைக் கற்கவே மாட்டான், ஏனென்றால் அதற்கு அவசியம் வராது. பத்தொன்பதில் எல்லோரும் அவன் அளவுக்கு வந்த பிறகு கையில் ஒன்றுமில்லாமல் நிற்பான். மெதுவாக வளர்கிற பையனோ எட்டு வருஷம் தன்னைவிடப் பெரியவர்களைக் கீழே இறக்கக் கற்றிருப்பான். மகாஸோலே மாபிம்பி பெரிய ரக்பிப் பள்ளி எதிலும் படித்தவர் அல்ல. பார்டர் அணியில் ஆடி, கிங்ஸ், சீட்டாஸ் அணிகள் வழியாக டர்பனின் ஷார்க்ஸுக்கு வந்தவர். முதல் டெஸ்ட், அதாவது நாட்டுக்கான ஆட்டம், ஆடும்போது வயது 27. அடுத்த வருஷம், 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் முதல் ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் பெறும் புள்ளி) அவருடையது. அதற்கு முன் ஜெயித்த இரண்டு இறுதி ஆட்டங்களிலும் நம் அணி ட்ரையே போட்டதில்லை.

பள்ளிக்குப் பிறகு வழி இரண்டாகப் பிரியும். ஒன்று, ஷார்க்ஸ், புல்ஸ், ஸ்டோர்மர்ஸ், லயன்ஸ் போன்ற அணிகளின் இளையோர் ஒப்பந்தம். மற்றது பல்கலைக்கழகம், 2008 முதல் நடக்கும் வார்சிட்டி கோப்பையில் ஆடிக் கண்ணில் படுவது. பெற்றோரே கட்டணம் கட்டிச் சேர்க்கும் அகாடமி என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அகாடமியில் இடம் கிடைப்பதையும் ஒப்பந்தம் கிடைப்பதையும் நம்மவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் பணம் கொடுத்தால் அது படிப்பு. அவர்கள் பணம் கொடுத்தால்தான் அது வேலை. ஒப்பந்தம் கைக்கு வராதவரை பட்டப் படிப்பை விடக்கூடாது. வந்த பிறகும் தபால்வழிப் படிப்பாவது ஓடட்டும்: முட்டியின் ஏசிஎல் தசைநார் அறுந்தால் ஒன்பது மாதம் வீட்டில்தான் இருக்கப் போகிறான்.

இனி இடம். ரக்பியில் பதினைந்து எண்களும் பதினைந்து வெவ்வேறு வேலைகள், அவற்றின் சந்தை விலையும் வெவ்வேறு. பள்ளி அணியில் ஸ்க்ரம்மின் கடைசியில் நிற்கும் எட்டாம் எண்ணில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் நட்சத்திரம். ஆனால் நாடு முழுக்க ஒவ்வொரு பள்ளியிலும் அப்படி ஒருவன் இருக்கிறான். அந்தக் கூட்டத்தில் 184 செ.மீ. உயரமுள்ளவனை அழைத்து, "முன்வரிசைக்கு மாறு" என்பார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது என்பதில் ஒரு பிழைப்பே திரும்பும். டெண்டாய் மடாவரிரா ஹராரேயிலிருந்து டர்பனுக்கு வந்தபோது ஸ்க்ரம்மின் பின்வரிசை ஆட்டக்காரர். ஷார்க்ஸ் பயிற்சியாளர் டிக் மியூர் அவரை ப்ராப், அதாவது முன்வரிசையின் ஓரத்து ஆள், ஆக்கினார். அவர் ஒத்துக்கொண்டார். விளைவு 117 டெஸ்ட், ஒரு உலகக் கோப்பை, 'பீஸ்ட்' என்று மைதானமே முழங்கிய பெயர். சி.ஜே. ஸ்டாண்டரிடமும் இதையே சொன்னார்கள்: பின்வரிசைக்கு உயரம் பற்றாது, முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கர் ஆகிவிடு. அவர் மறுத்துவிட்டு 2012இல் அயர்லாந்தின் மன்ஸ்டருக்குப் போனார். அந்த நாட்டுக்காக 51 டெஸ்ட் ஆடினார். இரண்டு பதிலும் சரியாகவே முடிந்தன. ஆனால் ஸ்டாண்டர் செய்ததற்கு நாடு மாறத் துணிவு வேண்டும். வாசலும் இப்போது குறுகிவிட்டது: பிறப்போ பெற்றோர், தாத்தா பாட்டி வழியோ இல்லாத நாட்டுக்கு ஆட, அங்கே தொடர்ந்து குடியிருக்க வேண்டிய காலம் 36 மாதமாக இருந்தது, 2022 முதல் 60 மாதம்.

எல்லாவற்றிலும் கிராக்கி அதிகமான இடம் மூன்றாம் எண், டைட்ஹெட் எனப்படும் வலப்பக்க ப்ராப். காரணம் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆட்ட நாள் அணியில் 23 பேர். அதில் முன்வரிசைக்குப் பயிற்சி பெற்றவர்கள் ஆறு பேர், இடத்துக்கு இருவராக, இருந்தே ஆக வேண்டும். பாதுகாப்புக் காரணத்துக்காக வந்த விதி. பயிற்சி இல்லாதவன் அங்கே நின்றால் கழுத்து முறியும். ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு அணிக்கு இரண்டு டைட்ஹெட் தேவை. இரண்டு பேர் காயத்தில் கிடப்பார்கள் என்று வைத்தால் சம்பளப் பட்டியலில் நான்கைந்து பேர் வேண்டும். ஆட்டத்தை நடத்தும் பத்தாம் எண்ணான ஃப்ளைஹாஃப் இரண்டு பேர் இருந்தால் வண்டி ஓடும். அதோடு ஸ்பிரிங்பாக் அணி 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் உட்காரவைத்த எட்டு மாற்று ஆட்டக்காரர்களில் ஏழு பேர் ஸ்க்ரம்மில் தள்ளும் ஃபார்வர்டுகள், பின்கள வீரர் ஒரே ஒருவர். அந்த 7-1 முறை பரவியதில் கனமானவர்களுக்கான வேலை இன்னும் கூடியிருக்கிறது.

டைட்ஹெட் ஏன் அவ்வளவு கடினம் என்றால், ஸ்க்ரம்மில் அவன் தலை இரண்டு எதிரிகளுக்கு நடுவே, அவர்களுடைய லூஸ்ஹெட்டுக்கும் (இடப்பக்க ப்ராப்) ஹூக்கருக்கும் இடையே நுழைகிறது. இரண்டு தோளிலும் பாரம். எதிரே உள்ள லூஸ்ஹெட்டுக்கு ஒரு தோள் வெளியே இருக்கும். மேல்மட்டத்தில் ஒரு பக்கத்து எட்டுப் பேரின் எடை 900 கிலோவைத் தாண்டும். 2013 முதல் நடுவர் குரல் மூன்று: குனி, பிடி, இணை. இரண்டாவது குரலில் டைட்ஹெட் தன் வலக்கையை எதிரியின் இடக்கைக்கு வெளியே கொண்டுபோய் முதுகுச் சட்டையையோ விலாச் சட்டையையோ பிடிக்க வேண்டும். கைச் சட்டையையோ காலரையோ பிடித்தால் பெனால்டி. மூன்றாவது குரலில் இணையும்போது முதுகு தட்டை, தோள் இடுப்பைவிடத் தாழாமல், முட்டி ஏறக்குறைய செங்கோணத்தில், பாதங்கள் தோளகலத்தில், எடை பாதத்தின் முன்பாகத்தில். இந்த முன்கூட்டிய பிடி வந்த பிறகு இணையும் கணத்தின் மோதல் விசை கால்வாசி குறைந்தது என்று அளந்திருக்கிறார்கள்.

தவறு எங்கே நடக்கிறது? பெரும்பாலும் பாதத்தில். காலை மிகவும் பின்னால் நீட்டி வைத்தவன் இணைந்ததும் முகம் குப்புற விழுவான். மிகவும் முன்னால் வைத்தவன் மேல்நோக்கி மடங்குவான். எதிரி அவன் நெஞ்சுக்கடியில் புகுந்து தூக்கிவிடுவான். அடுத்தது பார்வை. மோவாய் நெஞ்சில் ஒட்டினால் முதுகெலும்பு வளைந்து, பின்னால் இரண்டாம் வரிசையில் நிற்கும் லாக்கின் தள்ளல் முழுதும் கழுத்தில் இறங்கும். அதனால்தான் புருவத்துக்கடியிலிருந்து நிமிர்ந்து பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பத்தொன்பதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரம்மை 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது என்ற வரம்பு உண்டு. பெரியவர் ஆட்டத்துக்கு வரும் பையன் முதல்முறையாக முழுத் தள்ளலைச் சந்திப்பான். அந்த மாற்றத்துக்கு இரண்டு மூன்று வருஷம் தேவை. இருபது வயது டைட்ஹெட்டைப் பெரியவர் ஸ்க்ரம்மில் அவசரமாக இறக்குகிற பயிற்சியாளர் அணியின் காயப் பட்டியலைப் பார்க்கிறார், பையனின் கழுத்தைப் பார்ப்பதில்லை.

கழுத்தை வளர்ப்பதில் மந்திரமில்லை. கையால், பட்டையால் அல்லது துணையாளால் தடுத்துப் பிடிக்க, முன், பின், இடம், வலம் என்று நான்கு திசையிலும் தலையை அசைக்காமல் 6 முதல் 10 விநாடி எதிர்த்துத் தள்ளுவது. திசைக்கு மூன்று நான்கு முறை, வாரம் மூன்று நாள். இங்கிலாந்துப் பள்ளிகளில் கழுத்துப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் சேர்ந்த இருபது நிமிடச் சூடேற்றத்தை வாரம் மூன்று முறையாவது செய்த அணிகளில் ஆட்டக் காயம் 72 சதவீதமும் மூளை அதிர்ச்சி 59 சதவீதமும் குறைந்ததாக பாத் பல்கலைக்கழக ஆய்வு 2017இல் காட்டியது. செலவில்லாத வேலை. ஆனாலும் பள்ளிகளில் முதலில் வெட்டுப்படுவது இதுதான். பேரன் வருஷக் கடைசியில் வீட்டுக்கு வந்து நிற்கும்போது ஆயா "என்னடா, கழுத்தையே காணோம்?" என்று கேட்டால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

சம்பள ஆட்டக்காரனின் வாரம் வெளியே தெரிகிற அளவுக்கு மோதல் நிறைந்ததல்ல. சனி ஆட்டம் என்றால் ஞாயிறு நீச்சல் குளமும் மசாஜும். திங்கள் காலை தூக்கம், வலி, களைப்பு எவ்வளவு என்று போனில் எண்ணாக நிரப்ப வேண்டும். பிறகு காணொளி, பளு, மெதுவான நடைப் பயிற்சி. செவ்வாய்தான் கனமான நாள். புதன் விடுமுறை. வியாழன் வேகம். வெள்ளி, கேப்டன் நடத்தும் அரை மணி நேர ஒத்திகை. சட்டையின் முதுகில் தைத்த சிறு பையில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி ஓடிய தூரம், அதிவேகம், மோதல் எல்லாவற்றையும் எண்ணும். ஆட்டத்தில் பின்கள வீரன் 6 முதல் 7 கி.மீ., ஃபார்வர்டு 5 முதல் 6 கி.மீ. ஓடுவது வழக்கம். உலக ரக்பி அமைப்பும் ஆட்டக்காரர் சங்கமும் 2021இல் தந்த வழிகாட்டலின்படி பயிற்சியில் முழு மோதல் வாரத்துக்கு 15 நிமிடம்தான்; கட்டுப்படுத்திய மோதல் 40 நிமிடம், ஸ்க்ரம், லைன்அவுட் (ஓரத்திலிருந்து எறியும் பந்துக்கான போட்டி) போன்றவற்றில் நேரடித் தள்ளல் 30 நிமிடம். இது வழிகாட்டல் மட்டுமே, சட்டமல்ல. பள்ளிப் பயிற்சியில் ஒரே மாலையில் நாற்பது நிமிடம் முழுவேகத்தில் மோதவிடுகிறார்கள் என்றால், சம்பளம் வாங்கும் பெரியவர்களுக்கு ஒரு வாரத்துக்குச் சொன்னதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் பையன் ஒரே நாளில் வாங்குகிறான். பெற்றோர் போய்க் கேட்கலாம். கேட்க வேண்டும்.

சாப்பாடு. 118 கிலோ ப்ராப்புக்கு கிலோவுக்கு 1.8 கிராம் என்று வைத்தால் நாளுக்கு 210 கிராம் புரதம். ஒரே வேளையில் கொட்டினால் பயனில்லை. ஐந்து வேளையாக, வேளைக்கு 40 கிராம் சுமார். நம் வீட்டுச் சாப்பாட்டில் இதற்குக் குறையில்லை, அளவுதான் தலைகீழ்: சோறு மலையாகவும் கோழி இரண்டு துண்டாகவும் விழும். புரட்டாசியில்தான் சிக்கல். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை வீட்டில் கறி, மீன், முட்டை கிடையாது. நம் பெரிய அணிகள் ஐரோப்பிய அணிகளோடு ஆடும் லீக்கான யூஆர்சி என்கிற யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப் தொடங்குவதும் செப்டம்பர் கடைசியில்தான். விரதத்தை விடத் தேவையில்லை, கணக்குப் போட்டால் போதும். காய்ந்த சோயாத் துண்டு 100 கிராமில் 50 கிராம் புரதம். பாலும் அமாசி என்கிற புளித்த பாலும் சேர்ந்து ஒன்றரை லிட்டரில் 50. மோர்ப் புரதப் பொடி இரண்டு கரண்டியில் 45க்கு மேல். இரண்டு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 30. பன்னீர் 100 கிராமில் 18. மிச்சம் ரொட்டி, கடலை, சுகர் பீன்ஸ் கறியில் வந்துவிடும். கறி சாப்பிடாதவர்களின் தசையில் கிரியேட்டின் இருப்பு குறைவு என்பதால் தினம் 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் அவர்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். தைப்பூசக் காவடி வேறு கதை. அது பருவத்தின் நடுவில், டர்பனின் புழுக்கம் உச்சத்தில் இருக்கும்போது வருகிறது. பத்து நாள் விரதம், வெறுங்கால் நடை, உடம்பில் கொக்கி. காலில் கொப்புளமும் முதுகில் ஆறாத புண்ணுமாக ரக்கில், அதாவது கீழே கிடக்கும் பந்துக்காக இடிக்கும் குவியலில், படுத்தால் தொற்று உறுதி. எடுக்க நினைப்பவன் ஒரு மாதம் முன்பே அணி மருத்துவரிடமும் உணவியலாளரிடமும் சொல்லி, அந்த வாரத்து ஆட்டத்தை விட்டுவிட ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. சொல்லாமல் செய்வதுதான் ஒப்பந்தச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

பொடிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஊக்கமருந்து விதியில் "தெரியாமல் உள்ளே போனது" என்ற பேச்சுக்கு இடம் குறைவு. உடம்பில் இருந்தால் பொறுப்பு ஆட்டக்காரனுடையது. 2018இல் உலகின் சிறந்த புதுமுகமாகத் தேர்வான அப்ஹிவே தியாந்தி அடுத்த ஆண்டு பரிசோதனையில் சிக்கினார். வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று கடைசிவரை சொன்னார். நான்கு வருஷத் தடை விழுந்தது. ஒரு விங்கருக்கு நான்கு வருஷம் என்பது பாதிப் பிழைப்பு. கிரேவன் வீக்கிலேயே பரிசோதனை நடக்கிறது, பள்ளிப் பையன்களும் மாட்டியிருக்கிறார்கள். ஜிம் நண்பன் தருகிற டப்பா மட்டுமல்ல, ஊரிலிருந்து வரும் மூலிகைப் பொட்டலமும் ஆபத்துதான். சீந்தில் கொடியின் நெருங்கிய இனமான டினோஸ்போரா கிரிஸ்பாவில் ஹைஜனமின் என்ற தடைசெய்த பொருள் இருப்பதாகத் தடைப் பட்டியலிலேயே குறித்திருக்கிறது. தொகுதி எண் வாரியாகச் சோதித்துச் சான்றளித்த பொடியைத் தவிர வேறெதுவும் வாயில் போடக்கூடாது. டப்பாவைத் தூக்கி எறியுமுன் தொகுதி எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அடிபடும். தோள்பட்டை நழுவி அறுவை செய்தால் ஐந்தாறு மாதம், ஏசிஎல் ஒன்பது மாதம், தொடைப் பின்தசை இரண்டிலிருந்து எட்டு வாரம். இவற்றுக்கு மருத்துவம் இருக்கிறது. தலைதான் வேறு. தலைக் காயங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு டேக்கிளில் வருகிறது. அதிலும் பெரும்பகுதி டேக்கிள் செய்பவனுக்கு, பந்து வைத்திருப்பவனுக்கு அல்ல. தலை எதிரியின் உடம்புக்கு முன்னால் தவறான பக்கத்தில் போய்விடுவதும் நிமிர்ந்த நிலையிலேயே மோதுவதும்தான் காரணங்கள். தலை பின்பக்கத்தில், கன்னம் அவன் இடுப்பை ஒட்டி, கண் திறந்து, கடைசி இரண்டு எட்டு சிறியதாக: இதை ஆயிரக்கணக்கில் திரும்பச் செய்ய வேண்டும். பீட்டர்-ஸ்டெஃப் டூ டாய்ட் 2023 இறுதி ஆட்டத்தில் 28 டேக்கிள் செய்துவிட்டு நடந்து வெளியே வந்தார் என்றால் அது இந்தப் பழக்கத்தால்தான்.

சம்பள ஆட்டத்தில் சந்தேகம் எழுந்தால் 12 நிமிடம் வெளியே எடுத்துச் சோதிப்பார்கள். ஆட்டம் முடிந்து மூன்று மணி நேரத்துக்குள் இரண்டாம் சோதனை, இரண்டு இரவு தூங்கிய பிறகு மூன்றாவது. தள்ளாடியோ விறைத்தோ நினைவிழந்தோ விட்டால் சோதனையே இல்லை, நேராக வெளியே. 2024 முதல் பல் காப்பில் உணரி வைத்து, தலை வாங்கும் அதிர்வு குறித்த அளவைத் தாண்டினால் மருத்துவருக்குத் தகவல் போகும் ஏற்பாடும் வந்திருக்கிறது. இத்தனைக்கும் ஒரு ஓட்டை உண்டு. பருவத் தொடக்கத்தில் எடுக்கும் அடிப்படைச் சோதனையில் சிலர் வேண்டுமென்றே குறைவாக எழுதிவைப்பார்கள், பின்னால் அடிபட்ட நாளில் வித்தியாசம் தெரியக்கூடாது என்று. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்கிற முட்டாள்தனம். 2003இல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வென்ற ஹூக்கர் ஸ்டீவ் தாம்ப்சனுக்கு 42 வயதில் மறதி நோய் உறுதியானது. அந்த இறுதி ஆட்டம் தனக்கு நினைவில்லை என்று 2020இல் வெளிப்படையாகச் சொன்னார். பள்ளி, கிளப் மட்டத்தில் 12 நிமிடச் சோதனை கிடையாது, இருக்கவும் கூடாது: சந்தேகம் என்றால் வெளியே, குறைந்தது 21 நாள் ஆட்டமில்லை. தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு பயிற்சியாளரும் நடுவரும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பாக்ஸ்மார்ட் என்ற பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும். சேர்க்கும் நாளில் அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அப்பாவின் கேள்வி தாளில் இருக்கிறது. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் நேட்டாலுக்கு வந்து இறங்கியவர்கள் படிக்க முடியாத மொழியில் எழுதிய ஒப்பந்தத் தாளில் கைநாட்டு வைத்தார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை, நமக்கு இருக்கிறது. பள்ளி உதவித்தொகைக் கடிதத்தில் முதலில் தேட வேண்டியது, காயம்பட்டு ஆட முடியாமல் போனால் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) முடியும்வரை தொகை தொடருமா என்பது. எழுத்தில் இல்லையென்றால் தொடராது என்றே கொள்ள வேண்டும். இளையோர் ஒப்பந்தத்தில், நீட்டிக்கும் விருப்பம் யாருக்கு என்று பாருங்கள். அணிக்கு மட்டும் என்றால், பையன் நன்றாக ஆடினால் பழைய சம்பளத்துக்கே கட்டிவைப்பார்கள், ஆடாவிட்டால் கைகழுவுவார்கள். காயக் காலத்தில் முழுச் சம்பளம் எத்தனை மாதம், அறுவைச் செலவும் அதற்குப் பிந்தைய பிசியோ செலவும் யாருடையவை, ஒப்பந்தம் முடியும் தேதிக்குள் உடம்பு தேறாவிட்டால் என்ன என்பவை அடுத்தவை. வேறு அணிக்குக் கடனாக அனுப்பினால் ஆட்டப் படி யார் தருவார்கள் என்பதும் இருக்க வேண்டும். கடனாகப் போவது அவமானமல்ல. பெரிய அணியின் பெஞ்சில் குளிர்காய்வதைவிடச் சிறிய அணியில் 80 நிமிடம் ஆடுவது இருபத்திரண்டு வயதில் நூறு மடங்கு மேல். முகவர் அங்கீகாரம் பெற்றவரா, அவர் பங்கு ஆட்டக்காரன் சம்பளத்திலிருந்தா அணியிடமிருந்தா, ஒப்பந்தம் முடிந்த பிறகும் பங்கு கேட்பாரா என்று எழுதி வாங்க வேண்டும். மைப்ளேயர்ஸ் என்ற ஆட்டக்காரர் சங்கம் இருப்பதே இதற்காக. மாமா மகன் வக்கீலாக இருக்கலாம். விளையாட்டு ஒப்பந்தம் படித்தவரிடமும் ஒருமுறை காட்டுங்கள். சிவப்பு அட்டையின் விலையும் தெரிந்திருக்கட்டும். தலையில் படும் ஆபத்தான டேக்கிளுக்கு நடுத்தர அளவில் ஆறு வாரத் தடை. ஒப்புக்கொண்டு முன்பழி இல்லாமல் இருந்தால் பாதியாகும். டேக்கிள் திருத்தப் பயிற்சிக்குப் போனால் கடைசி வாரமும் கழியும். அந்த வாரங்களில் ஆட்டப் படி கிடையாது.

ரேண்டின் மதிப்பு இருக்கிற நிலையில் வெளிநாட்டு ஆசை இயல்பு. எங்கே, எப்போது என்பதில்தான் கவனம். பிரான்ஸின் டாப் 14 லீக்கில் ஒரு அணியின் சம்பள உச்சவரம்பே 10.7 மில்லியன் யூரோ. ஆனால் அங்கே ஆட்ட நாள் 23 பேரில் சராசரியாக 16 பேர் பிரெஞ்சுப் பயிற்சியில் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். மிச்ச ஏழு இடத்துக்கு ஃபிஜி, ஜார்ஜியா, அர்ஜென்டினா, நம் நாடு எல்லாம் முண்டியடிக்கும். பதினெட்டு வயதில் அங்கீகரித்த அகாடமியில் சேர்ந்து மூன்று பருவம் இருந்தால் நம் பையனும் அந்தப் பதினாறில் எண்ணப்படுவான். பையன் பிரெஞ்சு கற்கத் தயாரென்றால் இது யோசிக்க வேண்டிய வழி. தனியாகச் சமைக்கத் தெரியாதவனை அனுப்பாதீர்கள், கிராமத்து கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை கடையே திறந்திருக்காது. இங்கிலாந்தில் வெளிநாட்டவர் கணக்கில் சேராமல் ஆடவிட்ட கோல்பாக் வழி 2020 முடிவோடு அடைபட்டது. ஜப்பானின் லீக் ஒன் முப்பதை நெருங்கும் டெஸ்ட் ஆட்டக்காரர்களின் சொர்க்கம்: பருவத்துக்கு 16 முதல் 18 லீக் ஆட்டம், பெரும்பாலும் உள்ளூர் ரயில் பயணம். செஸ்லின் கோல்பே துலூஸிலும் தூலோனிலும் தேய்ந்த உடம்பை 2023இல் அங்கே கொண்டுபோனது தற்செயலல்ல.

வரி பற்றி ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்க வரிக் குடியாகவே இருந்துகொண்டு வெளிநாட்டில் வேலை செய்தால், பன்னிரண்டு மாதத்தில் 183 நாளுக்கு மேல், அதில் 60 நாளுக்கு மேல் தொடர்ச்சியாக வெளியே இருந்தால், முதல் 12.5 லட்சம் ரேண்ட் வரை உள்ளூர் வரி விலக்கு. இது சம்பளத்துக்கு மட்டும். விளம்பர உரிமைப் பணம் என்று பிரித்துக் கொடுத்தால் விலக்கு இல்லை.

நாட்டிலேயே ஆடுபவர்களின் பெரிய பிரச்சினை நாட்காட்டி. யூஆர்சியில் பதினாறு அணிகள், லீக் ஆட்டம் மட்டும் 18, செப்டம்பரிலிருந்து ஜூன்வரை. நடுவில் ஐரோப்பியக் கோப்பை. ஜூலையில் உள்நாட்டுக் கர்ரி கோப்பை தொடங்கிவிடும். ஸ்பிரிங்பாக் என்றால் ஜூலை டெஸ்ட், ஆகஸ்ட் செப்டம்பரில் வழக்கமாக தென் அரைக்கோள நாடுகளின் ரக்பி சாம்பியன்ஷிப், நவம்பரில் ஐரோப்பா. அதாவது வட அரைக்கோளப் பருவமும் தென் அரைக்கோளப் பருவமும் ஒரே முதுகில். நியூசிலாந்துக்குப் பறந்த சூப்பர் ரக்பி நாட்களின் பத்து மணி நேரக் கடிகார மாற்றம் போய்விட்டது உண்மை. டப்ளினுக்கும் டர்பனுக்கும் ஒன்றிரண்டு மணிதான் வித்தியாசம். ஆனால் டர்பனின் 32 டிகிரியில் சனிக்கிழமை ஆடிவிட்டு அடுத்த வெள்ளி அயர்லாந்தின் கால்வேயில் குளிர்மழையில் ஆடும் தொடைத் தசை கிழிந்தால் யாரைக் குறை சொல்வது? வருஷத்தில் எட்டு வாரமாவது பந்தைத் தொடாத காலம் என்று பேசி எழுதிக்கொள்ள முடிந்தால், அது சம்பள உயர்வைவிட மேல்.

நீண்ட பிழைப்புக்கு ஒரு உதாரணம் போதும். டியோன் ஃபூரி ஹூக்கராகத் தொடங்கி, பின்வரிசையின் ஓரத்தில் ஃப்ளாங்கராகவும் ஆடக் கற்று, பிரான்ஸில் லியோனிலும் கிரெனோபிளிலும் ஏழு வருஷம் உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். 35 வயதில் முதல் டெஸ்ட். அடுத்த ஆண்டு உலகக் கோப்பை இறுதியில் ஹூக்கர் மூன்றாம் நிமிடத்திலேயே காயப்பட, கிட்டத்தட்ட முழு ஆட்டமும் அவர் தலையில் விழுந்தது. 12-11. இரண்டு இடம் ஆடத் தெரிந்தவனை அணி கடைசியில்தான் கழற்றிவிடும்.

முடிக்கும் வேலையும் ஒரு வேலை. ப்ராப் தினம் ஐயாயிரம் கலோரி சாப்பிட்டுப் பழகியவன். ஆட்டம் நின்ற மாதமே தட்டு பாதியாக வேண்டும். நம் சமூகத்தில் 'சுகர்' எத்தனை வீட்டில் இருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். 120 கிலோவோடு மைதானத்தை விட்டு வரும் நம் பையனுக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். முதல் வருஷத்தில் மாதம் இரண்டு கிலோ என்று 100க்குக் கீழே இறக்குவது, ஆறு மாதத்துக்கொரு முறை மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை, பளுத் தூக்குவதை விடாமல் எடையை மட்டும் குறைப்பது. கடைசி ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மாதத்தில், அணியின் மருத்துவக் காப்பீடு இன்னும் உயிரோடு இருக்கும்போதே, கழுத்துக்கும் இரண்டு முட்டிக்கும் எம்ஆர்ஐ எடுத்துவிட வேண்டும். மூளை அதிர்ச்சிக் குறிப்புகள் உட்பட முழு மருத்துவக் கோப்பின் நகலையும் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். அணி மருத்துவர் மாறுவார், கணினி மாறும், ஐந்து வருஷம் கழித்துக் கேட்டால் கிடைக்காது.